சூழல் செய்த குற்றமா? ஸிம்பார்டோவின் வாதம் குறித்து ஒரு மறுவாசிப்பு

2004ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியில் அபூ குறைப் சிறையின் புகைப்படங்கள் வெளியானபோது, அது ஒரு சிலரின் இழிசெயல் என்றே அமெரிக்க அரசு விளக்கமளித்தது. அதனை மறுத்தவர்களுள் உளவியலாளர் பிலிப் ஸிம்பார்டோ (1933–2024) முக்கியமானவர். தண்டனைக்குள்ளான ஐவன் ஃப்ரெடரிக் என்ற இராணுவ வீரரின் தரப்பில் அவர் நிபுணத்துவச் சாட்சியம் அளித்தார். அவ்வாதத்தின் விரிவே 2007இல் வெளிவந்த 'லூசிஃபர் விளைவு' என்ற நூல். பழத்தைக் குறைகூறுமுன் கூடையைப் பாருங்கள் என்பது அதன் சாரம்.

நூலின் அடித்தளம் 1971 ஆகஸ்டில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் நடந்த சோதனையாகும். இளைஞர் சிலர் கைதிகளாகவும் சிலர் காவலர்களாகவும் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டனர். இரு வாரங்களுக்குத் திட்டமிடப்பட்ட சோதனை, காவலரின் கொடுமை எல்லை மீறியதால் ஆறே நாட்களில் நிறுத்தப்பட்டது. நல்லவனையும் சூழல் கொடியவனாக்கும் என்பதற்கு இதுவே சான்றாக நெடுங்காலம் பாடநூல்களில் இடம்பெற்றது.

நூலின் பெறுமதியை மறுப்பதற்கில்லை. கொடுமையைத் தனிமனிதனின் இயல்போடு சுருக்கி, அதிகாரத்தில் இருப்போரைத் தப்பவிடும் போக்கை அது துணிவுடன் எதிர்க்கிறது. அபூ குறைப் விடயத்தில் மேலதிகாரிகளையும் ஆட்சியாளரையும் பெயர்கூறிப் பொறுப்பாளிகளாக்குகிறது. ஆனால் அங்கு எழுப்பும் கேள்வியை ஆசிரியர் தமது சோதனையின்மீது முழுமையாக எழுப்பவில்லை. சிறை அத்தியட்சகர் வேடத்தில் தாம் ஆழ்ந்துபோனதை ஒப்புக்கொள்கிறார். எனினும் காவலரின் கொடுமை தானாகவே முளைத்தது என்ற வாதத்தைக் கைவிடவில்லை. கைதிகளிடம் அச்சத்தையும் கையறுநிலையையும் தோற்றுவிக்கலாம் எனக் காவலருக்கு முன்கூட்டியே கூறியவர் அவரே. மென்மையாக நடந்த ஒரு காவலரைக் கடுமையாக நடக்கும்படி உதவியாளர் வற்புறுத்திய ஒலிப்பதிவும் 2018இல் வெளிச்சத்துக்கு வந்தது. ஆகவே சூழல் என்பது வானத்திலிருந்து இறங்குவதன்று. அதனை அமைப்பவர் உண்டு; அமைத்தவருக்குக் கணக்கும் உண்டு.

மற்றொரு குறை இதனினும் ஆழமானது. ஸிம்பார்டோவின் கணிப்பின்படியே காவலருள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பகுதியினரே கொடுமையில் இன்பம் கண்டனர். ஏனையோர் விதிப்படி நடந்தனர். சிலர் கைதிகளிடம் இரக்கம் காட்டினர். சூழல் ஒன்றே, நடத்தையோ பலவாறானது. இவ்வேறுபாடு எங்கிருந்து வந்தது? ஃப்ரெடரிக் படைப்பணிக்குச் செல்லுமுன் அமெரிக்கச் சிறையொன்றில் காவலராகப் பணிபுரிந்தவர். ஒருவன் ஒரு சூழலுக்குள் வெறுங்கையோடு நுழைவதில்லை. வீடும் பள்ளியும் தொழிலும் பதித்த பழக்கங்களைச் சுமந்தே நுழைகிறான். கணநேரச் சூழலைப் பெரிதாக்கும் நூல், நீண்டகாலச் சமூகமயமாக்கத்தைச் சிறிதாக்கிவிடுகிறது.

இவ்விடத்தில் இப்னு கல்தூன் (1332–1406) நமக்குத் துணைவருகிறார். மனிதன் தன் இயல்பின் பிள்ளை என்பதைவிடத் தான் பழகியவற்றின் பிள்ளை என்பது 'முகத்திமா'வின் அடிப்படைக் கருத்துகளுள் ஒன்று. திரும்பத் திரும்பச் செய்யப்படும் செயல் உள்ளத்தில் வேரூன்றி இரண்டாம் இயல்பாகிறது. மாணவரைக் கடுமையாக நடத்துவதன் தீங்கை விளக்குமிடத்தில் அவர் இதனைத் துலக்கிக் காட்டுகிறார்: அடக்குமுறையில் வளரும் பிள்ளை, தண்டனைக்கு அஞ்சிப் பொய்யையும் சூழ்ச்சியையும் கற்கிறது, நாளடைவில் அதுவே அதன் குணமாகிவிடுகிறது. கொடுங்கோன்மைக்கு உட்பட்ட சமூகங்களுக்கும் இதே கதிதான் என்கிறார். ஆறு நாட்களின் கதையன்று இது, ஆண்டுகளின் கதை.

அவ்வாறாயின் மனிதனுக்குத் தெரிவே இல்லையா? யேல் பல்கலைக்கழகத்தில் 1961இல் ஸ்டான்லி மில்கிராம் தொடங்கிய சோதனைகள் இதற்கு விடை தருகின்றன. அதிகாரியின் கட்டளைப்படி, மற்றொருவருக்கு 450 வோல்ட் வரை மின்னதிர்ச்சி தருவதாக நம்பிச் செயற்பட்டோர் 40 பேரில் 26 பேர். அனைவரும் மேற்கோள் காட்டும் எண் இது. ஆயினும் அருகிலிருந்த இருவர் 'மாட்டேன்' என்று மறுத்த மற்றொரு அமைப்பில், இறுதிவரை சென்றோர் 40 பேரில் நால்வர் மட்டுமே. கீழ்ப்படிதல் மட்டுமன்று, மறுப்பும் சமூகத்திலிருந்தே கற்கப்படுகிறது. 2004 ஜனவரியில் அபூ குறைப் புகைப்படங்களைப் புலனாய்வாளரிடம் ஒப்படைத்த ஜோசப் டார்பியும் அதே படைப்பிரிவைச் சேர்ந்தவரே. அவரை வீரராகப் போற்றும் நூலே, அவர் ஏன் வேறுபட்டார் என்ற கேள்விக்குப் போதிய விளக்கம் தரவில்லை.

சூழலை அறிவது குற்றவாளியை விடுவிப்பதற்கன்று. குற்றத்தில் பங்குள்ளோரின் பட்டியலை நீட்டுவதற்கே. செய்தவன், ஏவியவன், அமைத்தவன், கண்டும் மௌனம் காத்தவன் ஆகிய ஒவ்வொருவருக்கும் அதில் இடமுண்டு. அபூ குறைபைக் கண்டிக்கும் நாம் நமது பாடசாலைகளையும் மத்ரஸாக்களையும் இல்லங்களையும் இதே அளவுகோலால் அளக்கத் தயங்கலாகாது. பிரம்புக்கு அஞ்சித் தலைகுனியப் பழகிய பிள்ளை, நாளை அநீதியான கட்டளையின் முன் தலைநிமிர எங்கே கற்றுக்கொள்ளும்?