பச்சைச் சான்றும் லயத்துக் கூரையும்

கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் ஏ5 வீதியில், இறம்பொடையில் ஒரே மலைச்சரிவில் ஹோட்டலும் இருக்கிறது, தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பான லயமும் இருக்கிறது. 109 மீற்றர் உயர நீர்வீழ்ச்சியைப் பார்க்கும்படி கட்டியவை ஹோட்டல்கள். தேயிலைக்கு நடுவே தகரமோ அஸ்பெஸ்டஸ் சீற்றோ போட்டு நிற்பவை லயங்கள். இன்று கிடைக்கும் பசுமைக் கட்டடச் சான்றிதழ்களில் எதற்கும் அந்த ஹோட்டல்காரர் விண்ணப்பிக்கலாம். லயத்துக் காம்பிராவில் இருப்பவருக்கு அதற்கு வழியே இல்லை. இது சான்றிதழின் குறையா, அதன் வேலையே வேறா என்று நிறுத்துப் பார்க்க வேண்டிய காலம் இது. வீட்டுத் திட்டங்களிலிருந்து பெயின்ற் வாளி வரை இப்போது 'பசுமை' என்ற முத்திரை விழுகிறது.

முறை எளிதானதுதான். 1990இல் பிரித்தானியாவில் பிரீயம், 1998இல் அமெரிக்காவில் லீட் என்று தொடங்கியது. சில முன்நிபந்தனைகளைக் கட்டாயம் நிறைவேற்ற வேண்டும். அதற்கு மேல் நிலம், நீர், மின்சாரம், கட்டடப் பொருள், உள்ளகக் காற்று என்று தலைப்புவாரியாகப் புள்ளிகள். லீட் 110 புள்ளிகளுக்கு மதிப்பிடுகிறது. 40 எடுத்தால் சான்று, 50க்கு வெள்ளி, 60க்குத் தங்கம், 80க்குப் பிளாட்டினம். இலங்கைப் பசுமைக் கட்டடச் சபை நடத்தும் கிரீன்எஸ்எல் முறையும் இதே வழியில் செல்வதுதான். ஆனால் அதன் எட்டுத் தலைப்புகளில் சமூக, பண்பாட்டு அக்கறை என்பதும் ஒன்று. இந்நாட்டுக்கேற்ற இந்தச் சேர்க்கையை நான் மதிக்கிறேன், புள்ளிக் கணக்கில் அதன் பங்கு சிறியதாக இருந்தாலும்.

இம்முறையால் நன்மையே இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. துல்ஹிரியவில் எம்ஏஎஸ் நிறுவனம் 2008இல் திறந்த துருலிய ஆடைத் தொழிற்சாலை லீட் பிளாட்டினம் பெற்றது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் தையல் இயந்திரத்தின் முன் உட்காரும் இடத்தில் வழக்கமான ஏசிக்குப் பதிலாக நீராவியாதல் முறையில் காற்றைக் குளிர்வித்தார்கள். சுவருக்கு அழுத்திய மண்கற்களைப் பயன்படுத்தினார்கள். இப்படியும் கட்டலாம் என்று ஒரு தொழிற்துறைக்கே அது காட்டியது. ஏற்றுமதிச் சந்தையில் மதிப்புள்ள ஒரு சான்று காத்திருக்காவிட்டால் அந்தத் துணிவுக்குச் செலவழிக்க யாரும் முன்வந்திருக்க மாட்டார்கள்.

சிக்கல் அளக்கும் முறையில் இருக்கிறது. சேமிப்பு என்பது ஒரு கற்பனைக் கட்டடத்தோடு ஒப்பிட்ட சதவீதம். அதே அளவில், விதிப்படி மட்டும் கட்டியிருந்தால் எவ்வளவு மின்சாரம் செலவாகியிருக்கும் என்று கணினியில் கணக்கிட்டு, அதைவிட எவ்வளவு குறைந்தது என்று பார்க்கிறார்கள். அறுபது அறைகளும் வெந்நீர்த் தொட்டிகளும் கொண்ட ஹோட்டல் தன் பெருஞ்செலவில் கால்பங்கைக் குறைத்தால் புள்ளி கிடைக்கும். அந்த ஹோட்டலே அங்கு தேவையா என்பது கேள்வியாக எழாது. கணினி சொன்னதும் மீற்றர் காட்டுவதும் ஒன்றாக இருக்கும் என்பதற்கும் உறுதி இல்லை. லீட் பெற்ற 100 வணிகக் கட்டடங்களின் தரவை 2009இல் கனடாவின் தேசிய ஆராய்ச்சிச் சபை மறுபடி ஆராய்ந்தது. சராசரியாக 18 முதல் 39 சதவீதம் குறைந்த எரிசக்தியே அவற்றுக்குச் செலவாகியிருந்தது. ஆனால் அவற்றில் 28 முதல் 35 சதவீதக் கட்டடங்கள் தம்மையொத்த சாதாரணக் கட்டடங்களைவிட அதிகம் செலவழித்திருந்தன. சான்றின் படிநிலைக்கும் உண்மைச் செலவுக்கும் தொடர்பே தெரியவில்லை. தங்கத்துக்குக் கூடுதல் பணம் கொடுப்பவர் இதை அறிந்திருக்க வேண்டும். 2013இல் வந்த லீட் நான்காம் பதிப்பு, எரிசக்தித் தரவை ஐந்தாண்டுகள் பகிர வேண்டும் என்பதை முன்நிபந்தனையாக்கியது. நேர்மையான திருத்தம், காலம் தாழ்த்தி வந்தது.

இந்த அளவுகோல் குறைத்து மதிக்கும் சேமிப்பும் உண்டு. கந்தப்பொலையில் மூடிக்கிடந்த ஹெதர்செற் தேயிலைத் தொழிற்சாலை 1996இல் ஹோட்டலாயிற்று. பழைய இரும்புச் சட்டகமும் மாடிகளும் அப்படியே நின்றன. புதிய சீமெந்தும் இரும்பும் தவிர்க்கப்பட்டதே அங்கு கிடைத்த பெரிய சேமிப்பு. உலகக் காபனீரொட்சைட்டு வெளியேற்றத்தில் ஏறக்குறைய 8 சதவீதம் சீமெந்து உற்பத்தியிலிருந்து வருகிறது என்பதை வைத்துப் பார்த்தால், நிற்கும் சுவரைக் காப்பதற்கு எந்த மதிப்பீட்டு முறையும் இன்னும் போதிய புள்ளி தரவில்லை என்றே சொல்வேன்.

இனி, வீடு. மலையகத்தில் இந்திய உதவியில் கட்டப்படும் வீடு 7 பேர்ச் காணியில் 550 சதுர அடி. முதலில் 4,000 வீடுகள். 2017 மே மாதம் நோர்வூட்டில் நரேந்திர மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். 10 அடிக்கு 12 அடிக் காம்பிராவில் தலைமுறைகளாக இருந்தவர்களுக்கு 550 சதுர அடி பெரிய வீடு. ஆனால் எரிசக்திக் கணக்கில் அது ஒன்றுமே இல்லை. சில பல்புகள், ஒரு தொலைக்காட்சி, ஒரு குளிர்சாதனப் பெட்டி. அது எதைக் குறைத்துக் காட்டிப் புள்ளி வாங்கும்? ஏசியே வேண்டாத குளிர்ப்பிரதேசத்தில் வீட்டின் உண்மையான கேடுகள் விறகடுப்புப் புகையும், சுவரில் ஊறும் ஈரமும், பீலியில் வரும் ஊற்றுத் தண்ணீரின் அசுத்தமும்தான். புகைபோக்கி சரியாக இழுக்கிறதா, சுவரடியில் ஈரத்தடுப்புப் படை போட்டார்களா, மலசலகூடக் குழி பீலிக்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பவையே இங்கு முதற்கேள்விகள்.

உலக வங்கிக் குழுமத்தின் ஐஎஃப்சி உருவாக்கிய எட்ஜ் முறை இருக்கிறதே என்று சொல்வார்கள். அந்த வாதத்துக்கு வலு உண்டு. அதன் மென்பொருள் இலவசம். மின்சாரம், நீர், பொருளில் அடங்கிய எரிசக்தி மூன்றிலும் 20 சதவீதம் சேமித்தால் போதும். மலிவு வீட்டுத் திட்டங்களும் அதைப் பெற்றிருக்கின்றன. மலையகத்துக்கு மிக அருகில் வருவது அதுதான். என்றாலும் அதற்கும் விண்ணப்பதாரர் ஒருவர் வேண்டும். லயம் தோட்டத்தின் சொத்து, நிலம் அரசுடையது, 1992க்குப் பிறகு குத்தகை கம்பனிகளிடம் போனது. இஸ்தோப்பை அடைத்து ஓர் அறையாக்கவே தோட்டத் துரையிடம் கேட்க வேண்டியவர் எப்படிக் கட்டட உரிமையாளராகக் கையெழுத்திடுவார்? காணி உறுதி கையில் இல்லாதவரை எந்தப் பசுமைச் சான்றும் அவர் வாசலுக்கு வராது.

அதைவிட முந்திய கேள்வி ஒன்றும் உண்டு. கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலை லயங்கள் மண்ணில் புதைந்தன. அந்த இடம் ஆபத்தானதென்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடெங்கும் 600க்கு மேற்பட்டோரைப் பலிகொண்டபோது, மலை மாவட்டங்களில் உயிர்களைப் பறித்தது பெரும்பாலும் மண்சரிவு. நிலச்சரிவு அறிக்கை இல்லாத வீட்டுக்கு எத்தனை சூரியத் தகடு போட்டாலும் புள்ளி கொடுக்கக் கூடாது. மலையகத்தில் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் தரும் அந்த அறிக்கையே முதற்சான்று. பசுமைச் சான்று அதன் மேல்தான் நிற்க முடியும்.

கட்டடப் பொருள்களுக்கான முத்திரை வேறு கதை. இந்த மக்களுக்கு அதுவே நெருக்கமானது. சர்வதேசத் தர நியமங்களின்படி அது மூன்று வகை. உற்பத்தியாளருக்கு வெளியே உள்ள அமைப்பு பொருளின் முழு வாழ்நாளையும் ஆராய்ந்து தருவது முதல் வகை. உற்பத்தியாளர் தானே அறிவித்துக்கொள்வது இரண்டாவது. தரவை மட்டும் பிறர் சரிபார்த்து, நல்லது கெட்டது சொல்லாமல் வெளியிடுவது மூன்றாவது. புசல்லாவையில் ஹார்ட்வெயார் கடையில் நிற்பவருக்கு இந்த மூன்றும் ஒரே பச்சை இலைப் படமாகத்தான் தெரியும். 'சூழலுக்கு உகந்தது' என்று தானே எழுதிக்கொண்ட வாளிக்கும் ஆய்வுகூடம் போய்வந்த வாளிக்கும் வேறுபாடு சொல்லும் கடமை முத்திரை தருபவருக்கு உண்டு. அது இன்னும் நிறைவேறவில்லை.

அஸ்பெஸ்டஸ் சீற்றின் வரலாறு இதைத் தெளிவாக்குகிறது. வெள்ளை அஸ்பெஸ்டஸ் உட்பட எல்லா வகையும் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. சீற்றை வெட்டும்போதும் துளைக்கும்போதும் எழும் தூசு மேசன்பாஸின் நெஞ்சுக்குள் போகிறது. 2018 ஜனவரி முதல் அதன் இறக்குமதியைக் கட்டுப்படுத்த இலங்கை முடிவெடுத்திருந்தது. 2017 டிசம்பரில், தேயிலைப் பொதியில் ஒரு வண்டு இருந்ததென்று ரஷ்யா இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. இலங்கைக்கு அஸ்பெஸ்டஸ் விற்கும் முதன்மை நாடும் ரஷ்யாதான். சில நாட்களில் அரசாங்கம் அஸ்பெஸ்டஸ் கட்டுப்பாட்டைத் தள்ளிவைத்தது. தேயிலைத் தடையும் நீங்கியது. கொழுந்து பறிப்பவரின் தலைக்கு மேலிருக்கும் கூரையை, அவர் பறித்த கொழுந்தின் விலைக்காக விட்டுக்கொடுத்தார்கள். விருப்பத்தின் பேரில் வழங்கும் முத்திரை இந்த இடத்தில் எதையும் செய்திருக்க முடியாது. நல்ல பொருளுக்குப் பரிசு கொடுக்க அதற்குத் தெரியும். கெட்ட பொருளைக் கடையிலிருந்து அகற்றும் அதிகாரம் அதற்கு இல்லை. அது சட்டத்தின் வேலை.

ஆகவே என் தீர்ப்பு இது. பெரிய கட்டடங்களுக்கான சான்று இருக்கட்டும். ஆனால் மூன்றாண்டு மின்சாரப் பட்டியலைப் பார்த்த பிறகே தங்கமும் பிளாட்டினமும் வழங்கப்பட வேண்டும். சிறு வீட்டை அந்தப் புள்ளிப் பட்டியலுக்குள் இழுக்க வேண்டாம். பொருள் முத்திரையில் முதல் வகையை மட்டும் பசுமைக் கட்டடச் சபையும் அரசும் அங்கீகரித்து, அதன் பொருளைத் தமிழிலும் சிங்களத்திலும் பொதியிலேயே அச்சிட வைக்க வேண்டும். மலையகத்தில் இனிக் கட்டப்படும் ஒவ்வொரு வீட்டுக்கும் நிலச்சரிவு அறிக்கை, காணி உறுதி, அஸ்பெஸ்டஸ் இல்லாத கூரை, புகைபோக்கியுள்ள அடுப்படி ஆகிய நான்கும் ஒப்பந்தத்திலேயே கட்டாய நிபந்தனைகளாக எழுதப்பட வேண்டும். இந்த நான்குக்கும் புள்ளி வேண்டாம், பட்டயமும் வேண்டாம்; இவை நிறைவேறாத வீட்டின் சாவியை எந்த அமைச்சரும் கையளிக்கக் கூடாது.