இடது காலுக்கு ஒரு போட்டி

ஹைதராபாத்தில் ஒரு காலத்தில் நடந்த சில கால்பந்துப் போட்டிகளின் விதிகளைக் கேட்டால் முதலில் சிரிப்புத்தான் வரும். ஒரு போட்டியில் பழக்கமில்லாத காலால் மட்டுமே பந்தை உதைக்க வேண்டும். இன்னொன்றில் பந்தைக் காலோடு உருட்டிக்கொண்டு போகவே கூடாது; வந்த பந்தை வந்த கையோடு அடுத்தவனுக்குத் தள்ளிவிட வேண்டும். விளையாட்டுக்குள் இப்படி ஒரு குறும்பு விளையாட்டை நுழைத்தவர் சையத் அப்துல் ரஹீம். 1909-ல் பிறந்தவர், பள்ளிக்கூட வாத்தியார், 1950 முதல் ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணியின் கோச், இந்திய அணிக்கும் கோச்.

அவருடைய பதக்கக் கணக்கை எல்லோரும் சொல்லிவிட்டார்கள். சினிமாவே வந்துவிட்டது. எனக்கென்னவோ அந்த இடது கால் போட்டியைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கத் தோன்றுகிறது.

எங்கள் முத்தாபுதுப்பேட்டை விமானப்படை நிலையத்தால் பெயர் தெரிந்த ஊர். இங்கே சாயங்காலம் பந்தாடும் பையன்களைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் போதும், ரஹீம் எதைப் பிடித்தார் என்று புரிந்துவிடும். பந்து இடது பக்கம் வருகிறது. பையன் உடம்பையே ஒரு சுற்றுச் சுற்றி, பந்தை வலது காலுக்குக் கொண்டுவந்து, அப்புறம்தான் உதைக்கிறான். அந்தச் சுற்றுக்குள் எதிராளி வந்து நின்றுவிடுகிறான். "லெப்ட்ல அடிடா!" என்று கரையிலிருந்து கத்துகிறார்கள். கத்தி என்ன பிரயோஜனம்? ஆட்டச் சூட்டில் கால் தனக்குத் தெரிந்த வழியில்தான் போகும்.

ரஹீம் கத்தவில்லை, விதியை மாற்றினார். வலது கால் செல்லாது என்று ஆன பிறகு யாரும் யாருக்கும் புத்தி சொல்ல வேண்டியதில்லை. அதிலும் அவர் அதைப் பயிற்சி என்று வைக்காமல் போட்டி என்று வைத்தார் பாருங்கள், அங்கேதான் வாத்தியார் தெரிகிறார். பயிற்சியில் தடுமாறுகிறவனுக்கு வெட்கம். போட்டியிலோ எதிரில் நிற்கிறவனும் தடுமாறுகிறான். ஆகவே வெட்கம் போய் ஜெயிக்கும் ஆசை வந்துவிடுகிறது.

உருட்டக் கூடாத போட்டியில் நயம் இன்னும் நுட்பம். வந்த பந்தை உடனே தள்ள வேண்டும் என்றால், யாருக்குத் தள்ளுவது என்பது பந்து காலுக்கு வருவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். தலை நிமிர்ந்துதான் ஆக வேண்டும். விதி போட்டது காலுக்கு, பாடம் போனது கண்ணுக்கு. ஒரு தடையை வைத்து இன்னோர் உறுப்பைத் திறந்துவிடுகிற வித்தை இது.

விளைவு தெரிந்ததே. சிட்டி போலீஸ் 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பை வாங்கியது. இந்தியா 1951 டெல்லி ஆசிய விளையாட்டில் ஈரானை 1-0 என்று வென்று தங்கம் பெற்றது. 1952 ஹெல்சின்கியில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று வாங்கிய அடியும் இதே கணக்கில்தான் வரும். நம்மவர்களில் பெரும்பாலோர் அந்தக் குளிரில் வெறுங்காலோடு ஆடினார்கள். அதன் பிறகுதான் பூட்ஸ் கட்டாயமானது. நான்கே வருடத்தில், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில், நெவில் டிசோசா ஹாட்ரிக் அடிக்க, ஆஸ்திரேலியாவை அதன் மண்ணிலேயே 4-2 என்று தோற்கடித்து அரையிறுதிக்குப் போனோம்.

ஆளைக் கண்டெடுப்பதிலும் அவருக்கு அதே சின்ன விஷயக் கண். துளசிதாஸ் பலராம் செகந்தராபாத் பக்கத்து அம்முகுடாவில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். அங்கிருந்து ஹைதராபாத் வந்து போகக் காசில்லை என்று தயங்கிய அந்தப் பையனுக்கு ரஹீம் வாடகை சைக்கிளுக்குப் பணம் கொடுத்து வரவழைத்தார். லட்சியம், தியாகம் என்றெல்லாம் ஒரு சொற்பொழிவு ஆற்றியிருக்கலாம். தடையாக இருந்தது சைக்கிள் வாடகைதான் என்பதை அவர் பார்த்துவிட்டார்.

அதே வருடங்களில் அமெரிக்காவில் வின்ஸ் லொம்பார்டி என்று ஒரு கோச் இருந்தார். அவருடையது வேறு ஃபுட்பால். முட்டை வடிவப் பந்து, தலையில் ஹெல்மெட். கிரீன் பே பேக்கர்ஸ் அணியை 1961-லும் 1962-லும் அங்கே சாம்பியன் ஆக்கியவர். அவரும் ஆரம்பத்தில் பள்ளி ஆசிரியர். இயற்பியலும் வேதியியலும் லத்தீனும் நடத்தியவர். ஒரே ஓட்ட உத்தியை ஆட்டக்காரர்கள் தூக்கத்திலும் சரியாகச் செய்யும் வரை விடமாட்டார் என்று பெயர். ஆனால் அந்த ஆட்டத்தில் ஒவ்வொரு முயற்சிக்கும் இடையில் ஆட்டம் நிற்கும். கோச் அந்த இடைவெளியில் ஆளை மாற்றலாம், அடுத்த உத்தியைச் சொல்லி அனுப்பலாம். ரஹீமுக்கு அந்த வசதி கிடையாது. அன்றைய சர்வதேசக் கால்பந்துப் போட்டிகளில் பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரர் கிடையாது. விசில் ஊதியபின், இடைவேளை வரை, கோச்சும் ஒரு பார்வையாளர்தான். சொல்ல வேண்டியதை எல்லாம் முன்கூட்டியே அந்தப் பதினொரு பேரின் உடம்புக்குள் வைத்து அனுப்பியாக வேண்டும். லொம்பார்டி 1970-ல் புற்றுநோயில் போனார். அவர் பெயரில் இன்றும் கோப்பை கொடுக்கிறார்கள். ரஹீமையும் அதே நோய்தான் கொண்டுபோனது, 1963 ஜூன் 11 அன்று.

அதற்கு ஒன்பது மாதம் முன்பு ஜகார்த்தா. 1962 ஆசிய விளையாட்டு. முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 2-0 என்று தோல்வி. தாய்லாந்தோடு ஆடும்போது தடுப்பாட்டத் தூணான ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட்டார்கள். இனி அவர் பின்வரிசையில் நின்று, வருகிற உயரப் பந்தையெல்லாம் தலையால் முட்ட முடியாது. எந்த கோச்சும் அவரை உட்காரவைத்திருப்பார். ரஹீம் அவரை சென்டர் ஃபார்வர்டாக முன்னால் அனுப்பினார். தென் வியட்நாமுடனான அரையிறுதியில் சுனி கோஸ்வாமி இரண்டு, ஜர்னைல் ஒன்று, 3-2. செப்டம்பர் 4 அன்று இறுதிப் போட்டியில் மறுபடி தென் கொரியா. மைதானம் முழுக்க இந்தியாவுக்கு எதிரான கூச்சல். 17-வது நிமிடத்தில் பி.கே. பானர்ஜி, 20-வது நிமிடத்தில் ஜர்னைல்.

கட்டுப் போட்ட தலையோடு கோல் அடித்த கதையை யாரும் மறக்க மாட்டார்கள், மறக்கவும் கூடாது. ஆனால் தூணை உருவி முன்னால் நட்டால் கூரையை யார் தாங்குவது? நான் ரசிப்பது அந்தப் பின்பக்கத்தை. ஜர்னைல் விட்டுப்போன இடத்தில் அருண் கோஷ். கோல் வாயில், காய்ச்சலில் படுத்து எழுந்த பீட்டர் தங்கராஜ். இடையில் நன்றாகவே ஆடிக்கொண்டிருந்த பிரத்யுத் பர்மனை நிறுத்திவிட்டுத் தங்கராஜை ரஹீம் திரும்ப அழைத்தார். நெடுநெடுவென்ற உயரக்காரர், மேலே வரும் பந்துக்குக் கை எட்டும். வெலிங்டன் மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையத்துக்கு ஆடியவர் அவர். கோல்கீப்பர் ஆவதற்கு முன்பு சென்டர் ஃபார்வர்டாக இருந்தவரும்கூட. முன்வரிசையிலிருந்து கோலுக்குப் போனவர் ஒருவர், பின்வரிசையிலிருந்து முன்னுக்கு வந்தவர் ஒருவர், இரண்டு பேரும் ஒரே அணியில். கொரியர்களுக்கு ஒரே ஒரு கோல் கிடைத்தது, அதுவும் 85-வது நிமிடத்தில்.