டிரெயில் ஸ்மோக் ஈட்டர்ஸ்: இரண்டு தங்கங்களின் எடை

1961 மார்ச் 12ஆம் தேதி சுவிட்சர்லாந்தில் சோவியத் அணியை 5-1 என வென்று கனடாவுக்கு ஐஸ் ஹாக்கி உலகப் பட்டத்தை வாங்கித் தந்தது ஓர் ஊர் அணி. பிரிட்டிஷ் கொலம்பியாவில், அமெரிக்க எல்லைக்குப் பக்கத்தில், கொலம்பியா ஆற்றங்கரையில் இருக்கிறது டிரெயில். அன்றைக்கு அதன் மக்கள்தொகை பன்னிரண்டாயிரத்தைத் தொடவில்லை. அதே ஊர் அணி 1939இலும் உலகப் பட்டம் வென்றிருந்தது. 1961க்குப் பிறகு கனடா அடுத்த உலகப் பட்டத்துக்கு 1994 வரை காத்திருந்தது. இவற்றைச் சேர்த்துக் கனடாவில் ஒரு கதை சொல்லப்படுகிறது: காசுக்கு ஆடாத உழைப்பாளிகள், ஆலை வேலை முடித்துவிட்டு வந்து பயிற்சி எடுத்தவர்கள், அரசு வளர்த்தெடுத்த சோவியத் அணியை வீழ்த்தினார்கள் என்று. கதையில் உண்மை இருக்கிறது. எவ்வளவு என்பதை அந்த அணியின் மேல் மதிப்பு வைத்திருப்பவர்களே முதலில் அளந்து பார்க்க வேண்டும்.

ஓர் ஊர் அணி எப்படி நாட்டின் பெயரில் ஆடியது? கனடாவில் 'சீனியர்' என்பது வளர்ந்த ஆட்டக்காரர்களின் தொழில்முறை சாராத பிரிவு. அதன் தேசியப் பரிசு 1908 முதல் வழங்கப்படும் ஆலன் கோப்பை. உலகப் போட்டியில் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு இடமில்லாததால், அந்தக் கோப்பையை வென்ற அணியையோ அதற்கு அடுத்து நின்ற அணியையோ அனுப்புவது வழக்கம். 1961இல் தொழில்முறை லீகான என்.ஹெச்.எல்.லில் மொத்தமே ஆறு அணிகள். அவற்றில் இடம் கிடைக்காத முதல்தர ஆட்டக்காரர்கள் நாடெங்கும் சிற்றூர்களில் சிதறிக் கிடந்தார்கள். சீனியர் ஆட்டத்தின் வலிமைக்கு இதுவே காரணம்.

அவர்களில் பலரை டிரெயிலுக்கு இழுத்தது உருக்காலை. ஈயமும் துத்தநாகமும் உருக்கும் கோமிங்கோ நிறுவனம்தான் ஊருக்குச் சோறு போட்டது. நன்றாக ஆடுகிறவனுக்கு ஆலையில் வேலை கிடைத்தது. அதே நிறுவனத்தின் சுரங்க ஊரான கிம்பர்லியின் அணியும் 1936இல் ஆலன் கோப்பையையும் 1937இல் உலகப் பட்டத்தையும் வென்றது. ஒரே முதலாளியின் இரண்டு சிற்றூர்கள் மூன்றாண்டுகளுக்குள் இரண்டு உலகப் பட்டங்களை எடுத்திருப்பதைத் தற்செயல் என்று தள்ள முடியாது. 1917இல் எட்டு மணி நேர வேலைக்காக நடந்த வேலைநிறுத்தம் தோற்றபின், நிறுவனம் தானே ஒரு தொழிலாளர் குழுவை அமைத்து ஆலையை நடத்தியது. சுதந்திரமான சங்கம் அங்கீகாரம் பெற 1944 வரை ஆனது. அந்த இடைவெளியில் ஊரைத் தன்னோடு பிணைத்து வைத்துக்கொள்ள நிறுவனத்துக்குக் கிடைத்த வழிகளில் ஹாக்கியும் ஒன்று என்பது என் கணிப்பு. அதனால் ஆட்டக்காரர்களின் திறமை குறைந்துவிடாது. ஆனால் 'காசுக்கு ஆடாதவர்கள்' என்ற புகழுரையை அப்படியே ஏற்க முடியாது. ஆட்டத்துக்குச் சம்பளம் வாங்கவில்லை, ஆட்டத்தால் வேலை வாங்கினார்கள் என்று சொன்னால் சரியாக இருக்கும்.

ஆலைப்புகையோடு சேர்த்துத்தான் 'ஸ்மோக் ஈட்டர்ஸ்' (புகை தின்பவர்கள்) என்ற அணியின் பெயரும் வழங்கியது. அந்தப் புகை எல்லை தாண்டி வாஷிங்டன் மாநிலத்தின் பண்ணைகளில் இறங்கியது. கந்தக டை ஆக்ஸைடால் பயிரும் மரமும் கருகின. கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே நடந்த நடுவர் விசாரணை 1938 ஏப்ரலில் 78,000 டாலர் இழப்பீடு விதித்தது. தன் மண்ணிலிருந்து எழும் புகையால் அண்டை நாட்டுக்குப் பெருந்தீங்கு நேர ஒரு நாடு விடக்கூடாது என்று அதே நடுவர் மன்றம் 1941இல் தந்த தீர்ப்பு, உலகச் சுற்றுச்சூழல் சட்டத்தின் அடித்தளங்களில் ஒன்று. டிரெயில் முதல் ஆலன் கோப்பையை வென்றதும் அதே 1938இல்தான். அணியின் வரலாற்றை எழுதுபவர்கள் கோப்பையை எழுதிவிட்டு எல்லைக்கு அப்பாலிருந்த விவசாயிகளை விட்டுவிடுகிறார்கள். கோப்பைக்கும் இழப்பீட்டுக்கும் பணம் ஒரே புகைபோக்கியிலிருந்து வந்தது.

இனி தங்கங்கள். 1939இல் ஜூரிக்கிலும் பாஸலிலும் டிரெயில் ஆடிய எட்டு ஆட்டங்களில் போட்டது 42 கோல், வாங்கியது ஒன்றே ஒன்று. எண்ணைப் பார்த்து மலைக்கலாம். அந்த ஒற்றைக் கோல் செக்கோஸ்லோவாக்கியாவுடன் 2-1 என முடிந்த ஆட்டத்தில் விழுந்தது. அன்றைக்குக் கனடாவை நெருக்கும் தகுதி செக் அணிக்குத்தான் இருந்தது. சோவியத் ஒன்றியம் உலகப் போட்டிக்குள் நுழைய இன்னும் பதினைந்து ஆண்டுகள் இருந்தன. அணியில் இருந்த ஜோ பெனாய், ஜானி மெக்ரீடி போன்றவர்கள் பின்னர் என்.ஹெச்.எல்.லில் ஆடியதால் அணியின் தரத்தில் ஐயமில்லை. எதிரிகளின் தரம்தான் போதவில்லை.

1961இன் கதை வேறு. முதலில் ஒரு குறையைச் சொல்லிவிட வேண்டும். டிரெயில் அந்தப் போட்டிக்குச் சென்றது ஆலன் கோப்பையை வென்றதால் அல்ல. 1960 கோப்பையின் இறுதிச் சுற்றில் ஒண்டாரியோவின் சாத்தம் மரூன்ஸிடம் தோற்றது. சாத்தம் போகாததால் டிரெயிலுக்கு வாய்ப்பு வந்தது. அணி வெளியூர் ஆட்டக்காரர்களையும் சேர்த்துக்கொண்டது. ஜாக்கி மெக்லியாட் முன்பு நியூயார்க் ரேஞ்சர்ஸுக்கு ஆடி, பிறகு அமெச்சூர் தகுதியைத் திரும்பப் பெற்றவர். டேரில் ஸ்லை ஒண்டாரியோக்காரர். ஆகவே இது முழுக்க ஊர்ப்பிள்ளைகளின் அணி என்று சொல்வது தவறு.

ஆனால் முதுகெலும்பு ஊர்க்காரர்களுடையது. பயிற்சியாளராகவும் ஆட்டக்காரராகவும் இருந்தவர் பாபி குரோம். கோல் காத்தவர் தீயணைப்பு வீரர் சேத் மார்ட்டின். தன் முகக்கவசத்தைத் தானே செய்துகொண்டவர். அந்தப் போட்டியில் செக் அணியோடு 1-1 சமன். கடைசி நாளில் சோவியத்தை வென்றால் புள்ளிகளில் செக் அணிக்குச் சமமாகலாம். அதன்பின் கோல் கணக்குத்தான் முடிவு செய்யும். ஆகவே கோல் போடுவது மட்டும் போதாது, வாங்காமலும் இருக்க வேண்டும். அந்த நெருக்கடியில் ஒரே ஒரு கோல் மட்டும் விட்டுக்கொடுத்தது அணி. நார்ம் லெனார்டன் வட்டைப் பறித்து ஐந்தாவது கோலைப் போட்டார். மொத்தக் கணக்கில் கனடா 45-11, செக் 33-9. போட்டியின் சிறந்த கோல்காப்பாளர் விருது மார்ட்டினுக்கு. பிறகும் மும்முறை அதே விருது அவருக்கு வந்தது. என் பார்வையில் அந்தத் தங்கத்தின் பாதி எடை மார்ட்டினுடையது.

சோவியத் ஆட்டக்காரர்களும் ஏட்டில் அமெச்சூர்கள்தாம். பலர் ராணுவச் சம்பளத்தில் ஆண்டு முழுதும் ஆடியவர்கள். டிரெயில்காரர்கள் ஆலைச் சம்பளம் வாங்கினாலும் ஆலை வேலையையும் செய்தார்கள். கதையில் உரசிப் பார்த்த பின்னும் நிற்கும் உண்மை இது. இன்னொன்றையும் கூடவே சொல்ல வேண்டும்: 1961இன் சோவியத் அணி இன்னும் தன் உச்சத்தை எட்டவில்லை. 1963இலிருந்து 1971 வரை ஒன்பது உலகப் பட்டங்களைத் தொடர்ந்து அள்ளியபோதுதான் அதன் முழு வலிமை தெரிந்தது. அந்த வரிசையின் முதல் ஆண்டில், ஸ்டாக்ஹோமில், அதை எதிர்கொண்டதும் டிரெயிலே. 1962 ஆலன் கோப்பையை முறையாக வென்று சென்ற அணிக்கு நான்காம் இடமே கிடைத்தது. கனடா கலந்துகொண்ட உலகப் போட்டிகளில் பதக்கமில்லாமல் திரும்பியது அதுவே முதல் முறை. மார்ட்டின் அப்போதும் சிறந்த கோல்காப்பாளர். குறை ஆட்களிடம் இல்லை, ஏற்பாட்டில் இருந்தது: பகுதிநேர ஊர் அணி முழுநேர தேசிய அணியை இனி வெல்ல முடியாது. பாதிரியார் டேவிட் பாவர் உருவாக்கிய தேசிய அணி அடுத்த ஆண்டே களமிறங்கியது. 1967இல் என்.ஹெச்.எல். பன்னிரண்டு அணிகளாக விரிந்து, சிற்றூர்களில் மிஞ்சியிருந்த திறமையையும் உறிஞ்சிக்கொண்டது. மார்ட்டினே ஒரு பருவம் அதன் செயின்ட் லூயிஸ் அணிக்குப் போய் வந்தார். 1980களின் இறுதியில் டிரெயிலின் சீனியர் அணி மறைந்தது. இன்று அந்தப் பெயரில் ஆடுவது ஒரு ஜூனியர் அணி.

1939ஐயும் 1961ஐயும் ஒரே தட்டில் வைப்பது நியாயமில்லை, பின்னதே பெரியது. ஆனால் சிற்றூர் அணிகள் சோவியத்தை வென்றதில் அது தனித்த சாதனையும் அல்ல. டிரெயிலைப் போன்ற சிற்றூரான பெண்டிக்டனின் வீஸ் அணி 1955இல் சோவியத்தை 5-0 என வென்றது. ஒற்றை ஆட்டமாக அதை நான் ஒரு படி மேலே வைப்பேன். ஆனால் 1938க்கும் 1962க்கும் இடையே இரண்டு ஆலன் கோப்பைகள், இரண்டு உலகப் பட்டங்கள் என்ற கணக்கில் டிரெயிலுக்கு முன்னால் வேறு எந்தச் சிற்றூரும் இல்லை.