நான்கடியும் ஈரடியும்: யூகே கராஜ் இசையின் பாணிகள்

யூகே கராஜ் லண்டனில் வளர்ந்த நடன இசை; பெயர் மட்டும் நியூயார்க்கிலிருந்து வந்தது. அங்கே 1977 முதல் 1987 வரை நடந்த பாரடைஸ் கராஜ் என்ற நடன அரங்கு, பழைய வாகன நிறுத்தகம் ஒன்றில் இயங்கியது. அதன் டிஜே லாரி லெவன். தேவாலயப் பாட்டின் உருக்கம் கலந்த ஹவுஸ் இசைக்கு அந்த அரங்கின் பெயரே ஒட்டிக்கொண்டது. பக்கத்து மாநிலமான நியூ ஜெர்சியில் டாட் எட்வர்ட்ஸ் 1990களில் அதை வேறு திசைக்குக் கொண்டுபோனார். பாடகரின் குரலை அசை அசையாக நறுக்கி, அந்தத் துண்டுகளைக் கொண்டே புது மெட்டுக் கோத்தார். சொல் போய்விடும், உருக்கம் நிற்கும். லண்டன் கலைஞர்கள் அவரைக் குருவாகவே மதித்தார்கள். அந்த மரியாதை அவருக்குத் தகும்.

1990களின் தொடக்கத்தில் லண்டனில் ஜங்கிள் இசை கோலோச்சியது. அதன் வேகமும் முரட்டுத்தனமும் ஒவ்வாதவர்கள் அதே அரங்குகளின் இரண்டாவது அறையில் கராஜ் கேட்டார்கள். சனிக்கிழமை இரவு முழுக்க ஆடியும் களைக்காத கூட்டத்துக்காக ஞாயிற்றுக்கிழமை பப்களிலும் கராஜ் ஒலித்தது. அந்தக் கூட்டத்துக்கு அமெரிக்க இசைத்தட்டுகளின் வேகம் போதவில்லை. டிஜேக்கள் டர்ன்டேபிளின் வேகக் கட்டையை நகர்த்தி நிமிடத்துக்குச் சுமார் 130 அடி வரை ஏற்றினார்கள். அப்படி ஏற்றினால் பாட்டுக் குரல் கீச்சென்று மாறிவிடும். ஆகவே குரல் குறைந்த ‘டப்’ வடிவங்களையே விரும்பிப் போட்டார்கள். குரல் விட்டுப்போன இடத்தை மைக் பிடித்த எம்சி நிரப்பினார். யூகே கராஜின் இலக்கணம் பெரும்பாலும் இந்த நடைமுறைத் தேவையிலிருந்து பிறந்தது.

முதலில் உருவான பாணி ஸ்பீட் கராஜ். நான்கு எண்ணிக்கை கொண்ட சுற்றில் ஒவ்வோர் எண்ணிக்கையிலும் கிக் டிரம் விழும். அதன் கீழே ஜங்கிளிலிருந்து வந்த பாஸ் வளைந்து நெளிந்து ஓடும். இதற்கு வழி காட்டியவரும் ஓர் அமெரிக்கரே. அர்மாண்ட் வான் ஹெல்டன் செய்த ‘புரொஃபெஷனல் விடோ’ ரீமிக்ஸ் 1997 ஜனவரியில் பிரிட்டன் பாடல் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அதே ஆண்டு வந்த டபுள் 99 குழுவின் ‘ரிப்குரூவ்’ இந்தப் பாணியின் முகமாக இன்றும் நிற்கிறது.

அடுத்த திருப்பம் ஒரு கழித்தல் கணக்கு. டூ-ஸ்டெப் பாணியில் முதல் எண்ணிக்கையில் கிக் விழும். இரண்டில் ஸ்னேர் விழும். மூன்றில் விழவேண்டிய கிக் அங்கே விழாமல், மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் நழுவி விழும். நான்கில் மறுபடி ஸ்னேர். கேட்பவர் காலால் தாளம் போட்டுப் பார்த்தால் மூன்றாம் எண்ணிக்கையில் கால் தரையைத் தொடும், பாட்டு தொடாது. அந்த வெற்றிடம்தான் ஆட்டத்தைத் தூண்டுகிறது: காலுக்குக் கிடைக்காத அடியைத் தோளும் இடுப்பும் தேடிப்போகின்றன. மேலே ஹை-ஹாட் தட்டல்களில் ஒன்றுவிட்டு ஒன்று நூலிழை தாமதமாக வரும். இதை ஸ்விங் என்பார்கள். கணினி தரும் சம இடைவெளியை அப்படியே விட்டால் கராஜ் கராஜாக இருக்காது. சிகாகோவின் கெல்லி ஜி, டீனா மூரின் ‘நெவர் கொன்னா லெட் யூ கோ’ பாட்டுக்குச் செய்த ரீமிக்ஸ் 1997இல் பட்டியலில் 7ஆம் இடம் வரை வந்து இந்த நடையைப் பரப்பியது. லண்டனின் டெம் டூ, ஸ்டீவ் கர்லி ஆகியோர் அதைச் செதுக்கினார்கள். எம்ஜே கோல் 1998இல் தந்த ‘சின்சியர்’, கராஜ் மரபு எட்டிய உச்சங்களில் ஒன்று. அதன் அழகு, எதை எங்கே வாசிக்காமல் விடுவது என்று அறிந்த அடக்கத்தில் இருக்கிறது.

உரிமம் இல்லாத பைரேட் வானொலிகள் வளர்த்த இந்த இசை 1999இல் நாடெங்கும் பரவியது. ஷாங்ஸ் அண்ட் பிக்ஃபுட் இணையின் ‘ஸ்வீட் லைக் சாக்லேட்’ அந்த ஆண்டு முதலிடம் பெற்றது. தென்கடற்கரை நகரமான சவுத்தாம்ப்டனிலிருந்து ஆர்ட்ஃபுல் டாட்ஜரும், அவர்களுடன் பாடிய கிரேக் டேவிடும் வந்தார்கள். 2000இல் ‘ஃபில் மீ இன்’ முதலிடம் பிடித்தபோது டேவிடுக்கு வயது 18. பிறகு எம்சிகளின் காலம். லண்டனின் சோ சாலிட் குரூ 2001இல் வெளியிட்ட ‘21 செகண்ட்ஸ்’, ஒவ்வோர் எம்சிக்கும் அளந்து கொடுத்த நேரத்தையே தலைப்பாகக் கொண்டது. அரங்குகளில் நடந்த வன்முறைகளால் காவல்துறையின் பிடி இறுகியது. இசை நிகழ்ச்சி நடத்துவோர் நிரப்பித் தரவேண்டும் என்று லண்டன் காவல்துறை 2005இல் கொண்டுவந்த 696ஆம் எண் படிவம், 2017இல் கைவிடப்படும் வரை கறுப்பின இளைஞர்களின் இசை நிகழ்ச்சிகளையே அதிகம் முடக்கியது. மரபு இரண்டாகக் கிளைத்தது. எம்சியின் சொல்லை முன்வைத்துக் கிழக்கு லண்டனில் கிரைம் பிறந்தது. பாஸை மட்டும் ஆழப்படுத்தித் தெற்கே குரோய்டனில் டப்ஸ்டெப் பிறந்தது.

வடக்கின் கதை வேறு. ஷெஃபீல்ட் நகரில் 1992இல் தொடங்கிய நிச் என்ற அரங்கில் விடியவிடிய ஆட்டம் நடக்கும். லண்டன் டூ-ஸ்டெப்புக்கு மாறியபோது இந்தக் கூட்டம் மாறவில்லை. நான்கு எண்ணிக்கையிலும் அடி வேண்டும், பாஸ் நெஞ்சில் இடிக்க வேண்டும் என்பதே அவர்களுடைய ருசி. லண்டனிலிருந்து அப்படிப்பட்ட தட்டுகள் வருவது குறையவே, உள்ளூர்க்காரர்களே செய்யத் தொடங்கினார்கள். முதலில் அரங்கின் பெயரே இசைக்கும் பெயராக வழங்கியது. 2005 நவம்பரில் காவல்துறைச் சோதனைக்குப் பின் அரங்கு மூடப்பட்டது. இசை பேஸ்லைன் என்ற பெயரில் பிழைத்துக்கொண்டது.

இதன் வேகம் நிமிடத்துக்கு 135 முதல் 142 அடி வரை. கராஜில் பாஸ் பாட்டைத் தாங்கும். பேஸ்லைனில் பாஸே பாடும். ஒரு பாஸ் கேள்வி கேட்க, வேறு ஒலியுடைய இன்னொரு பாஸ் பதில் சொல்லும். அவற்றுள் புகழ்பெற்றது, 1988இல் வெளிவந்த கோர்க் எம்1 கீபோர்டின் ஆர்கன் ஒலி. மரக்கட்டையைத் தட்டியதுபோல் ‘டொக்’கென்று எழும்பி உடனே அடங்கும் அந்த ஒலியை, வடக்கின் கலைஞர்கள் கீழ்ஸ்தாயியில் வைத்துத் துள்ளவிட்டார்கள். மேலே வேகம் கூட்டிய பெண்குரல், கீழே கரகரக்கும் பாஸ். குரலின் இனிமையும் அடித்தளத்தின் முரடும் ஒன்றையொன்று விழுங்காமல் நிற்பதே பேஸ்லைனின் தனி அழகு. லண்டன்காரர்கள் பலர் இதை நாகரிகம் குறைந்தது என்று ஒதுக்கினார்கள். அது தவறான தீர்ப்பு.

லீட்ஸைச் சேர்ந்த டி2, ஜோடி ஆயிஷாவின் குரலில் தந்த ‘ஹார்ட்புரோக்கன்’ 2007இல் 2ஆம் இடம் வரை ஏறியது. மறு ஆண்டு எச் டூ ஓவின் ‘வாட்ஸ் இட் கொன்னா பீ’ பாட்டும் அதே இடத்தைத் தொட்டது. ஹட்டர்ஸ்ஃபீல்டின் டிஜே க்யூ, பேஸ்லைனின் துள்ளலையும் கராஜின் நளினத்தையும் ஒரே கையில் பிடித்தவர். வடக்கையும் லண்டனையும் இணைத்ததில் அவருக்கு நிகரில்லை. மிட்லண்ட்ஸ் பகுதியில் பர்மிங்காம் பேஸ்லைனின் மையமாயிற்று. பிராட்ஃபோர்டின் பேட் பாய் சில்லர் குரூ பின்னாளில் தங்கள் ஊர்ப் பேச்சு மாறாமல் பேஸ்லைன் மேல் பாடிக் கவனம் பெற்றது.

எல்லாப் பாணிகளுக்கும் பொதுவான தேர்வு அரங்கில்தான் நடந்தது. புதிதாக முடித்த பாட்டை வடக்கு லண்டனின் மியூசிக் ஹவுஸ் போன்ற இடங்களில் டப்பிளேட்டாக வெட்டிக்கொள்வார்கள். உலோகத் தகட்டின் மேல் மென்மையான அரக்குப் பூச்சு. சில பத்து முறை ஊசி ஓடினாலே ஒலி தேயத் தொடங்கும். அத்தனை செலவில் வெட்டிய தட்டைப் போட்டதும் கூட்டம் கூச்சலிட்டுச் சுவரைத் தட்டினால், டிஜே தட்டின் மேல் கை வைத்துப் பின்னோக்கிச் சுழற்றி முதலிலிருந்து போடுவார். இதுதான் ரீவைண்ட். கூட்டம் கேட்காமல் டிஜே தானே சுழற்றினால் மதிப்பில்லை. இரண்டு தட்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக நெடுநேரம் ஓட்டி, ஒன்றின் பாஸை இறக்கி மற்றதன் பாஸை ஏற்றும் கைப்பழக்கமும் அளவுகோல்தான். இரண்டு பாஸும் மோதினால் அரங்கில் வெறும் இரைச்சல்தான் மிஞ்சும்.

2010களின் இறுதியில் புதிய தலைமுறை லண்டன் வழி, வடக்கு வழி இரண்டையும் சேர்த்தே கற்றது. பிரிஸ்டலின் கண்டக்டா, கீவி ரெக்கார்ட்ஸ் வழியாக டூ-ஸ்டெப்பின் ஸ்விங்கைத் துலக்கிக் கொடுத்தார். 2022 செப்டம்பரில், வடக்கில் போல்ட்டனைச் சேர்ந்த இன்டர்பிளானெட்டரி கிரிமினலும், லண்டன் இசைத்தட்டுக் கடையில் வேலை பார்த்த டிஜே எலைசா ரோஸும் இணைந்து செய்த ‘பி.ஓ.டி.ஏ.’ பிரிட்டன் பட்டியலின் முதலிடத்துக்கு வந்தது.