எலியில் தெரிந்த வெளிச்சம்

இரண்டு எலிகள். இரண்டும் முடியில்லாத சோதனைக்கூட எலிகள். இடப்பக்கத்து எலிக்கு நோயில்லை. அதன் உடலில் ஒளியும் இல்லை. வலப்பக்கத்து எலியின் தோலுக்கடியில் மனிதப் புராஸ்டேட் புற்றுச் செல்கள் கட்டியாக வளர்ந்திருக்கின்றன. அந்த இடம் மட்டும் செம்மஞ்சளாகத் தகதகக்கிறது. ஆய்வாளர் ஷுமிங் நீயின் குழு 2004-இல் வெளியிட்ட இந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்கு, ஒளிரும் நானோ துகள் புற்றுநோயைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று தோன்றியதில் வியப்பில்லை. அதன்பின் 20 ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. நோயாளியின் கைக்கு வந்தது என்ன என்று கணக்குக் கேட்க இது போதுமான காலம்.

அந்தப் படத்தில் ஒளிர்ந்தவை குவாண்டம் புள்ளிகள். காட்மியம் செலினைடு போன்ற குறைகடத்தியின் நுண்படிகங்கள். பொருள் ஒன்றுதான். படிகம் பெருக்கப் பெருக்க நிறம் நீலத்திலிருந்து பச்சை, மஞ்சள் வழியாகச் சிவப்புக்கு நகரும். கடையில் விற்கும் கியூஎல்இடி டிவிக்கு நிறம் தருவதும் இந்த வகைப் படிகங்களே. புள்ளியின் மேலே ஆன்டிபாடியைக் கோத்துவிட்டால், புற்றுச் செல்லின் மேற்பரப்பில் மிகுந்திருக்கும் புரதத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும்.

கண்ணாடித் தகட்டில் இது பொய்க்கவில்லை. 2003-இல் மார்பகப் புற்றுச் செல்களின் ஹெர்2 புரதத்தை இப்படி ஒளிரவைத்துக் காட்டினார்கள். வழக்கமான சாயம் விளக்கின் கீழ் சீக்கிரமே வெளிறிவிடும். குவாண்டம் புள்ளி வெகுநேரம் நின்று ஒளிரும். ஒரே விளக்கில் பல நிறங்களை எழுப்பி, ஒரே செல்லில் பல புரதங்களைப் பார்க்கலாம். ஆய்வகத்துக்குள் இதன் மதிப்பில் எனக்கு ஐயமே இல்லை. துகள் உடலுக்குள் நுழையும்போதுதான் கேள்விகள் எழுகின்றன.

ஆழத்திலிருந்து தொடங்குவோம். எலியின் கட்டி தோலை ஒட்டி இருந்தது. மனிதனின் புராஸ்டேட் இடுப்புக்கூட்டுக்குள், சிறுநீர்ப்பைக்குக் கீழே புதைந்து கிடக்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளி சதையில் சில மில்லிமீட்டருக்குள் சிதறி மங்கிவிடும். அண்மை அகச்சிவப்பு அதைவிடச் சற்று ஆழம் போகும், அவ்வளவே. துகளை எவ்வளவு செம்மைப்படுத்தினாலும் சதையின் இந்தக் குணம் மாறாது.

அடுத்தது, துகள் கட்டிக்குப் போய்ச் சேருகிறதா என்பது. 1998-இல் குவாண்டம் புள்ளிகளை உயிரியலுக்குக் கொண்டுவந்த இரண்டு முன்னோடிக் கட்டுரைகளில் ஒன்றை ஷுமிங் நீயோடு சேர்ந்து எழுதியவர் வாரன் சான். அவரே பின்னாளில் டொராண்டோவில் தன் குழுவோடு உட்கார்ந்து, பத்தாண்டு ஆய்வுக் கட்டுரைகளைத் திரட்டிக் கணக்குப் போட்டார். 2016-இல் வந்த விடை: ஊசியில் ஏற்றிய துகள்களில் கட்டியை எட்டுவது, இடைநிலை மதிப்பாகப் பார்த்தால், 0.7 சதவீதம். ஆயிரத்தில் ஏழு. மீதியில் பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துவைத்துக்கொள்கின்றன. தான் வளர்த்த துறையின் குறையைத் தானே எண்ணிச் சொன்ன அந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன். இதற்கு மறுப்பும் உண்டு, அது நியாயமானதுதான்: படமெடுப்பதற்கு மொத்த அளவு முக்கியமில்லை, கட்டிக்கும் சுற்றியுள்ள சதைக்கும் இடையிலான ஒளி வேறுபாடுதான் முக்கியம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கல்லீரலில் பரவிய புற்றைத் தேடும்போது, அந்த வேறுபாட்டையே கல்லீரலின் சொந்த வெளிச்சம் விழுங்கிவிடுமே.

தங்கிவிடும் துகள் என்ன செய்யும் என்ற அச்சமும் இருக்கிறது. காட்மியம் நச்சு. புள்ளியின் மேற்பரப்பு ஆக்சிஜனேற்றம் அடைந்தால் காட்மியம் கசிந்து கல்லீரல் செல்களைக் கொல்லும் என்பதை 2004-இலேயே ஆய்வகத்தில் காட்டினார்கள். ரீசஸ் குரங்குகளில் செய்து 2012-இல் வெளியிட்ட சோதனையில் 90 நாள்களுக்குப் பிறகும் ரத்தப் பரிசோதனைகள் சரியாகவே இருந்தன. ஆனால் காட்மியத்தின் பெரும்பகுதி கல்லீரலிலும் மண்ணீரலிலும் சிறுநீரகத்திலும் அப்படியே கிடந்தது. நாளை வாழப்போகிறவரின் உடலில் இதைப் போட்டுவிட்டுப் 'பாதகமில்லை' என்று சொல்ல எனக்கு மனம் வராது.

இந்தச் சிக்கலைச் சரியாகப் புரிந்துகொண்டு செய்தவை கார்னெல் பல்கலைக்கழகத்தின் 'சி டாட்' துகள்கள். சாயத்தைச் சிலிக்காவுக்குள் பூட்டி, ஆறேழு நானோமீட்டர் அளவிலேயே நிறுத்தினார் உல்ரிக் வீஸ்னர். ஏறத்தாழ 5.5 நானோமீட்டருக்குள் இருந்தால் சிறுநீரில் விரைவாக வெளியேறிவிடும் என்பது 2007-இல் விலங்குகளில் தெரிந்த உண்மை. அந்த எல்லையை ஒட்டியே இவர்கள் நடந்தார்கள். நியூயார்க்கில் மெலனோமா என்னும் தோல் புற்று முற்றிய ஐந்து பேருக்கு ஏற்றிய சோதனை 2014-இல் வெளியானது. துகள் பாதுகாப்பாக இருந்தது, சிறுநீரில் வெளியேறியது. ஆனால் அந்த ஐந்து பேரின் உடலுக்குள் துகளைப் பின்தொடர்ந்தது ஒளி அல்ல. துகளோடு கட்டியிருந்த கதிரியக்க அயோடினைப் பெட் ஸ்கேன் பார்த்தது. பின்னர் தலை, கழுத்து மெலனோமா அறுவையில் அதே குடும்பத்துத் துகளின் ஒளியை மருத்துவர்கள் உண்மையாகவே பயன்படுத்தினார்கள். அங்கே அது காட்டியது, கட்டியிலிருந்து வடியும் நிணநீர் முதலில் சேரும் முடிச்சு எது என்பதை. அந்த முடிச்சை வெட்டியெடுத்து, அதில் புற்று இருக்கிறதா என்று சொன்னவர் நோய்க்கூறு மருத்துவர்தான். பயனுள்ள வேலை, மறுக்கவில்லை. ஆனால் அதைப் 'புற்றுச் செல்லைக் கண்டறிதல்' என்று தலைப்பிட்டால் நோயாளி ஏமாந்துபோவார்.

எல்லாருக்கும் ஊசி போட்டு, நோய் தெரியுமுன்பே பிடித்துவிடலாம் என்ற ஆசை இதைவிடப் பெரிய தவறு. ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 10,000 பேரில் 50 பேருக்குப் புற்று இருக்கிறது. சோதனை இரு பக்கமும் 95 சதவீதம் சரி. நோயுள்ளவர்களில் 47 அல்லது 48 பேர் அகப்படுவார்கள். நோயில்லாத 9,950 பேரில் ஏறக்குறைய 500 பேரும் ஒளிர்வார்கள். இவர்கள் எல்லாரும் இடப்பக்கத்து எலிகள். ஆய்வகத்து எலிக்கு ஆறிய புண்ணோ, வீங்கிய முடிச்சோ, முதுமையோ இல்லை; மனிதருக்கு உண்டு. எத்தனை பேர் காரணமில்லாமல் பயாப்சிக்குப் போவார்கள், எத்தனை வீடுகளில் தூக்கம் கெடும்! இந்தப் பயன்பாட்டுக்கு என் தீர்ப்பு: வேண்டாம்.

மிச்சமிருப்பது அறுவை அறை. அங்கே வயிறோ மண்டையோ ஏற்கெனவே திறந்திருக்கிறது, ஆழம் தடையில்லை. கட்டியின் ஓரம் எது என்பதே கேள்வி. இதில் நான் நம்பிக்கை வைக்கும் நானோ துகள் பெக்சிட்டாசியானின். ரத்தத்தில் அணைந்தே இருக்கும். கட்டியின் அமிலத்தன்மை பட்டால் உடைந்து ஒளிரும். நெதர்லாந்தில் 30 பேரிடம் செய்த முதல் சோதனை 2020-இல் வெளியானது. ஆனால் இந்தக் களத்தில் எளிய மூலக்கூறுகள் முந்திவிட்டன. 2021-இல் அமெரிக்காவில் சூலகப் புற்றுக்கு அனுமதி பெற்ற பஃபோலாசியானின் ஒரு சிறிய மூலக்கூறு, துகள் அல்ல. மூளைக் கட்டிக்கு வாய்வழி கொடுக்கும் 5-ஏஎல்ஏவும் அப்படியே. புற்றுச் செல்லே அதை ஒளிரும் பொருளாக மாற்றிக்கொள்ளும். அதை ஜெர்மனியில் குலுக்கல் முறையில் சோதித்தபோது, அதைப் பெற்றவர்களில் முழுமையாகக் கட்டி நீங்கியவர்கள் 65 சதவீதம். சாதாரண விளக்கில் அறுவை செய்யப்பட்டவர்களில் 36. நோய் திரும்பாமல் ஆறு மாதம் கடந்தவர்கள் 41 சதவீதம், மற்றவர்களில் 21. அப்படியிருந்தும் மொத்த ஆயுளில் தெளிவான வேறுபாடு தெரியவில்லை. அதையும் மறைக்காமல் எழுதினார்கள்.

ஒளிரும் துகளை முன்வைப்பவர்களிடம் நான் கேட்பதும் இதே சோதனைதான்: பாதிப் பேருக்குத் துகள், பாதிப் பேருக்கு இப்போதுள்ள சாயம், அறுத்த ஓரத்தில் புற்று மிஞ்சியதா, ஐந்து ஆண்டில் திரும்பி வந்ததா. இன்னொரு எலியின் படம் வேண்டாம்.