கூடாரத்தின் பின்புறம்

மாயக் காணிவேல் ஒன்று ஊருக்குள் வருவதாகக் கதை புனைவது உலக இலக்கியத்திலே நன்கு வேரூன்றிவிட்ட ஒரு மரபு. அது எங்கிருந்து வந்ததென்று எவருமறியார். ஓரிரவில் வெற்று மைதானத்திற் கூடாரங்கள் முளைக்கின்றன, விளக்குகள் எரிகின்றன, உள்ளே சென்றவன் வேறொருவனாகத் திரும்பி வருகிறான், பின்னர் ஒரு விடியற்காலையில் மைதானம் மீண்டும் வெறுமையாகிறது. இவ்வகைக் கதைகளை நம் பாடசாலைப் பிள்ளைகள் விரும்பிப் படிக்கிறார்கள். கற்பனைக் கதை எழுதச் சொன்னால் அவர்களுட் சிலர் இதையே எழுதியும் தருகிறார்கள். விருப்பத்திலே தவறில்லை. ஆயின் இலக்கியத்தைச் சமுதாய நோக்கோடு அணுகும் நாம் ஒரு வினாவை எழுப்பக் கடமைப்பட்டிருக்கிறோம். இக்கதைகள் வாசகனை எங்கே நிறுத்துகின்றன? நுழைவுச்சீட்டு விற்கும் வாயிலிலா, கூடாரத்தின் பின்புறத்திலா?

வாயிலில் நிற்பவனுக்குத் தெரிவது மாயம். பின்புறம் நிற்பவனுக்குத் தெரிவது உழைப்பு. இது வெறும் சொல்லலங்காரமன்று. காணிவேல்களிற் காட்டப்படும் பாம்புடற் பெண்ணை எடுத்துக்கொள்வோம். மேசையின்மீது ஒரு பெண்ணின் தலை. அதன்கீழ் சுருண்ட பாம்பின் உடல். மேசைக்கடியிலோ வெறும் வெளி. தலை பேசுகிறது, கேட்ட கேள்விக்கு விடை சொல்கிறது. இவ்வித்தையின் மூலம் 1865ஆம் ஆண்டிலே இலண்டன் நகரில், ஸ்டோடேர் என்னும் வித்தைக்காரர் காட்டிய பேசும் தலையாகும். மேசைக் கால்களுக்கிடையே சாய்வாக இரு கண்ணாடிகளைப் பொருத்திவிட்டால், அவை பக்கத்துத் திரைகளைப் பிரதிபலிக்கும். பார்ப்பவனோ பின்திரையைக் காண்பதாக எண்ணிக்கொள்வான். கண்ணாடிக்குப் பின்னால், உடலை மடக்கி, கழுத்தை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு ஒரு மனிதப் பிறவி அமர்ந்திருக்கும். ஆகவே இங்கு மாயம் எனப்படுவது யாது? உழைக்கும் ஓர் உடலை மறைத்துவைத்தலே மாயம். கால் மரத்துப்போவதும், கழுத்து நோவதும், அடுத்த காட்சிக்கு முன் ஒரு மிடறு தண்ணீர் குடிக்க நேரமில்லாமற் போவதும் கண்ணாடிக்குப் பின்னால் நிகழ்வன.

மரணக் கிணறும் அத்தகையதே. பலகைகளால் அமைந்த செங்குத்தான வட்டச் சுவரிலே மோட்டார்ச் சைக்கிள் ஏறிச் சுழல்கிறது. வேகம் சக்கரத்தைச் சுவரோடு அழுத்துகிறது; அவ்வழுத்தத்தினால் உண்டாகும் உராய்வு வண்டியைக் கீழே விழாமல் தாங்குகிறது. வேகம் குறைந்தால் உராய்வு குறையும், ஓட்டுபவன் விழுவான். மேலே விளிம்பிற் சூழ்ந்து நிற்கும் கூட்டம் ரூபாய்த் தாளை நீட்ட, அவன் கையை விட்டு எட்டி அதைப் பறித்துச் செல்கிறான். எல்லோரும் கைதட்டுகிறார்கள். அத்தாள் ஏன் அவனுக்கு அத்துணை வேண்டியதாயிருக்கிறதென்று எவரும் கேட்பதில்லை.

இவ்வாறு கூறுவதனால் நாம் வியப்பைப் பகைக்கிறோமென்று கொள்ளலாகாது. 1928ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணத்துக்கு ஆசிரியராக வந்த ஆபிரகாம் கோவூர் (1898–1978), தெய்வ சக்தியோ மாந்திரீக சக்தியோ தமக்குண்டென்று சொல்வோர் அதனை மோசடிக்கு இடமில்லாத நிலையில் மெய்ப்பித்துக் காட்டினால் ஒரு இலட்சம் ரூபாய் தருவதாக 1963இல் அறைகூவினார். அவர் வாழ்ந்த காலத்தில் அப்பரிசை எவரும் பெறவில்லை. அவருடைய பணி நமக்கு ஒரு தெளிவைத் தருகிறது. இது வித்தை என்று சொல்லிக்கொண்டே கண்ணைக் கட்டுபவன் கலைஞன்; இது சக்தி என்று சொல்லி அறிவைக் கட்டுபவன் ஏமாற்றுக்காரன். முன்னவனை நாம் மதிக்கிறோம். மதிப்பதனாலேயே, அவனுடைய வாழ்வு இலக்கியத்திலே ஏன் மறைக்கப்படுகிறதென்று கேட்கிறோம்.

மாயக் காணிவேற் கதைகளுட் பெரும்புகழ் பெற்றது அமெரிக்க எழுத்தாளர் றே பிராட்பரி 1962இல் வெளியிட்ட நாவல். மாக்பெத் நாடகத்துச் சொற்றொடரொன்றையே அது தலைப்பாகக் கொண்டது. இலினோய் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றுக்கு ஒக்டோபர் மாதத்து நள்ளிரவிலே காணிவேல் புகையிரதத்தில் வந்திறங்குகிறது. அதிலுள்ள குதிரை இராட்டினம் முன்னோக்கிச் சுழன்றால் ஏறியவனுக்கு வயது கூடும். பின்னோக்கிச் சுழன்றால் வயது குறையும். இளமையை வேண்டிய பள்ளி ஆசிரியை ஒருத்தி சிறுமியாக மாறி, எவராலும் அறியப்படாதவளாய் அழுகிறாள். ஊரூராய்ச் சென்று இடிதாங்கி விற்கும் ஒருவன் அறிவு மயங்கிய குள்ளனாக்கப்பட்டுக் காட்சிப் பொருளாகிறான்.

இந்நாவலின் சிறப்பை மறுப்பதற்கில்லை. கூடாரத்தில் நிற்பவர்கள் ஒருகாலத்திற் சீட்டு வாங்கி வந்தவர்களே என்பதைப் பிராட்பரி கண்டுகொண்டார். பார்வையாளனுக்கும் காட்சிப் பொருளுக்கும் இடையே உள்ள தூரம் மிகச் சிறிது என்னும் உண்மை இதில் அடங்கியிருக்கிறது. ஆயின் அவர்களை அடிமைகளாக்கியது எது என்னும் இடத்திலேதான் அவர் தடுமாறுகிறார். அவரவர் மனத்திலுள்ள ஆசையே அவர்களைக் கட்டியது என்கிறார். முதுமையை வெறுத்தவனும் இளமையை வேண்டியவளும் அங்கே உண்டு. கடன்பட்டவன் இல்லை, வேலையிழந்தவன் இல்லை, தாய்தந்தையரால் முன்பணத்துக்கு ஒப்படைக்கப்பட்ட பிள்ளை இல்லை. கூடாரங்கள் இருளிலே எழுகின்றன. முளையடிப்பவனின் கூலி பேசப்படுவதேயில்லை. மெய்யான வரலாறோ வேறுவிதமானது. இந்தியச் சர்க்கஸ் கூடாரங்களிலே சிறுவர்களை வேலைக்கு வைத்தல் கூடாதென்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2011ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்திலே ஆணையிட வேண்டியிருந்தது. அப்பிள்ளைகளைக் கூடாரத்துக்குள் இழுத்தது மாய இராட்டினமன்று, வறுமை.

தமிழிலே இப்பொருளை நோக்கும்போது ஒரே நிறுவனத்தோடு தொடர்புடைய இரு படைப்புகள் நம் கவனத்துக்குரியன. ஒன்று, எஸ். எஸ். வாசன் ஜெமினி ஸ்டூடியோவில் உருவாக்கி 1948இல் வெளியிட்ட ‘சந்திரலேகா’. வில்லனான இளவரசனிடமிருந்து தப்பியோடும் நாயகி சர்க்கஸ் கூட்டத்தாரிடம் அடைக்கலம் பெறுகிறாள். குகையிலே பாறையால் அடைபட்ட நாயகனை மீட்கச் சர்க்கஸ் யானைகள் துணைசெய்கின்றன. அரச குடும்பத்தைக் காப்பவர்கள் ஊரூராய் அலையும் வித்தைக்காரர்கள்! முற்போக்கான கருத்தின் வித்து ஒன்று இங்கிருக்கிறது. ஆயின் அரியணை மீட்கப்பட்டதும் அவர்கள் கதையின் ஓரத்துக்குத் தள்ளப்படுகிறார்கள். படத்தின் புகழ்பெற்ற முரசு நடனத்திலே, பெரும் முரசுகளின் மேல் நடனமாதர் ஆட, முரசுகளுக்குள்ளே வீரர்கள் ஒளிந்திருந்து ஈற்றிலே வெளிப்பட்டுப் போர் புரிகிறார்கள். கதையிலே மறைந்திருந்தவர்கள் வெளிவந்துவிட்டனர். அக்காட்சியை ஆக்குவதற்கு உழைத்த எண்ணற்ற துணைநடிகரும் தொழிலாளரும் பார்வையாளனின் கண்ணுக்கு அப்பாலேயே நின்றுவிட்டனர்.

அவர்களுள் ஒருவனை வெளியே கொண்டுவந்தவர் அந்த ஸ்டூடியோவிலேயே 1952 முதல் பல்லாண்டு பணிபுரிந்த அசோகமித்திரன் (1931–2017). அவருடைய ‘புலிக்கலைஞன்’ சிறுகதை மாயக் காணிவேற் கதைகளுக்கெல்லாம் நேர்மாறானது. அங்கே கூடாரமில்லை, இரவுமில்லை. பகல் வெளிச்சத்தில், படப்பிடிப்பு நிறுவனத்தின் அலுவலக அறையொன்றில், காதர் என்னும் மெலிந்த மனிதன் வேலை கேட்டு வந்து நிற்கிறான். அவன் பேச்சே கேட்பவர்க்கு நகைப்பை விளைவிக்கத்தக்கது. பின்னர் புலி முகமூடியை அணிகிறான். அறையிலே ஒரு புலி உலாவுகிறது. பார்த்தவர்கள் அஞ்சி உறைகிறார்கள். முகமூடி கழன்றதும் மீண்டும் அதே ஏழை, அதே கெஞ்சும் குரல். பிற்பாடு அவனைத் தேடி எழுதிய கடிதம் உரியவனைச் சேராமல் திரும்பிவிடுகிறது.

இக்கதையிலே மறைக்கப்பட்டது எதுவுமில்லை. முகமூடி எங்கிருந்து வந்தது, யார் அணிந்தார், அவருக்கு என்ன வேண்டும் என்பன யாவும் நம் முன் கிடக்கின்றன. ஆயினும் வியப்புக் குறையவில்லை; பன்மடங்காகிறது. மாயத்தின் பின்னுள்ள மனிதனைக் காட்டினால் மாயம் கலைந்துவிடும், கதை சுவையற்றுப்போகும் என்று அஞ்சுவோர்க்கு இதனினும் தக்க விடை வேறில்லை. பிராட்பரியின் கூடாரம் நமக்கு அச்சத்தைத் தருகிறது. அசோகமித்திரனின் அறை அச்சத்தோடு வெட்கத்தையும் தருகிறது. அவ்வெட்கம் சமுதாயத்தைப் பற்றிய அறிவாகும்.

நம் பிரதேசத்தார்க்கு இவ்வுண்மை புதியதன்று. மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் ஆடப்பட்டுவரும் வடமோடி, தென்மோடிக் கூத்துக்களை எண்ணிப்பார்க்க வேண்டும். அண்ணாவியார் சட்டம் கொடுக்கும் நாள் முதல், சதங்கை கட்டி, கிழமைக் கூத்தாடி, அடுக்குப் பார்த்து, அரங்கேற்றம் காணும் வரை மாதக்கணக்கிலே நடைபெறும் பயிற்சி முழுவதும் ஊரின் கண்முன்னே நிகழ்வது. வட்டக்களரியைச் சுற்றி நாற்புறமும் சனங்கள் அமர்ந்திருப்பர். அதற்குப் பின்புறம் என்று ஒன்று இல்லை. அருச்சுனனாக ஆடுபவன் நேற்று வயலில் வரம்பு கட்டியவன் என்பதும், அவனுக்கு எந்தத் தாளக்கட்டிலே கால் பிசகும் என்பதும் முன்வரிசையில் இருக்கும் சிறுவனுக்கும் தெரியும். தெரிந்திருந்தும் நள்ளிரவில் மத்தள ஒலியோடு அவன் களரியில் இறங்கும்போது ஊர் முழுவதும் அவனை அருச்சுனனாகவே காண்கிறது. அறிந்தபின்னும் அழியாத வியப்பு இது. மறைத்தலாற் பிறப்பதன்று, உழைப்பை உடனிருந்து கண்டமையாற் பிறப்பது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையிலே ‘கர்ணன் போர்’ (1962), ‘இராவணேசன்’ (1964) முதலியவற்றைத் தயாரித்து இக்கலைக்குப் பெருமதிப்பை ஈட்டித் தந்தார். நாட்டார் கலையைக் கற்றோர் மன்றில் ஏற்றிய அத்தொண்டு மறக்கற்பாலதன்று. எனினும் களரி ஒருமுக மேடையானபோது, கூத்துக்கும் ஒரு பின்புறம் உண்டாயிற்று என்பதையும் குறிப்பிட வேண்டும்.

இனி, இவ்விடயம் காணிவேல்களோடு நின்றுவிடுவதன்று என்பதைக் கூறவே இத்துணையும் சொன்னோம். ஒரு கூடாரத்தை மட்டுமன்றி, ஒரு பிரதேசத்தையே மாயக் காணிவேலாகக் காணும் வழக்கம் உண்டு. மட்டக்களப்புக்குப் போனவனைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்னும் பேச்சை ஈழத்துத் தமிழ் வாசகர்கள் கேட்டிருப்பர். கிழக்கு என்றால் மந்திரம், வசியம், மர்மம் என்று வெளியிலிருந்து பார்ப்போர் கதை கட்டினர். அதனை வேடிக்கையாக எடுத்துக்கொண்டு நம்மவரிற் சிலரும் மகிழ்ந்தனர். ஆனால் அக்கண்ணாடிக்குப் பின்னால் மறைந்திருப்பது யாது? இங்கே தாய்வழிக் குடிமுறை வழங்கிற்று. மணமுடித்த ஆண் பெண்ணின் வீட்டுக்கு வருவதே மரபு. வீடும் வளவும் வயற்காணியும் சீதனமாகப் பெண்மக்களைச் சேர்வன. தொழிலின் பொருட்டோ வாணிபத்தின் பொருட்டோ வந்தவன் இங்கு மணமுடித்தால் மனைவியின் வளவிலேயே தங்கினான். அவனை ஒட்டவைத்தது மந்திரமன்று. பெண்ணுக்கு நிலமும் கூரையும் உரிமையாயிருந்த ஒரு சமுதாய அமைப்பே என்பது நம் கருத்து. மாயக் கதை சொன்னவர்கள் பெண்ணின் உடைமையை வசியமாக்கிவிட்டனர். அந்தப் பாயை எடுத்துக்கொண்டாலும், பன்புல்லை அறுத்து, உலர்த்தி, சாயமிட்டு, முதுகு நோவ இருந்து இழைத்தவர்களும் நம் பெண்களே. பாயைப் பற்றி ஆயிரம் கதைகள்; இழைத்த கையைப் பற்றி எத்தனை?

வாயிலில் நின்று எழுதும் இலக்கியத்தின் தீங்கு இதுவே. அது முதலில் உழைப்பை மறைக்கிறது. பின்னர் உழைப்பவனை விந்தைப் பிறவியாக்குகிறது. ஈற்றிலே அவனுடைய துன்பத்தையும் வேடிக்கையாக்கிவிடுகிறது. படுவான்கரையில் வேளாண்மை செய்பவனும், குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கு வாவியைக் கடந்து அன்றாடம் தொழிலுக்குச் செல்பவனும், 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் மீண்டும் கடலில் வலைவீசப் போனவனும் மர்ம மனிதர்களல்லர். அவர்களை மர்மமாக்குவது அவர்களைப் பற்றி அறியாதிருக்கும் உரிமையைக் கோருவதாகும்.

போர் முடிந்த 2009ஆம் ஆண்டுக்குப் பின் இரவிலே விளக்கேற்றிச் சனங்கள் ஒன்றுகூடுதல் நம் பகுதியில் மீண்டும் எளிதாயிற்று. நீண்டகாலம் இருட்டியதும் கதவடைத்திருந்த ஊர்களுக்கு இராட்டினத்தின் வெளிச்சம் வேண்டியதே. பிள்ளைகள் அங்கு செல்லட்டும், வியக்கட்டும், வந்து எழுதவும் செய்யட்டும். அவர்களுக்குக் கற்பிக்கும் நாம் செய்ய வேண்டியது கற்பனைக்குத் தடைபோடுவதன்று. கற்பனையைக் கூடாரத்தைச் சுற்றி ஒருமுறை நடத்திச் செல்வதே. பின்புறத்திலே கொடியில் உலரும் உடுப்புகள் உண்டு. மூன்று கல் அடுப்பில் வேகும் சோறு உண்டு. கிணற்றுச் சுவரிலே சுழன்றவனின் எண்ணெய் படிந்த கைகள் உண்டு. எந்த ஊர்ப் பாடசாலை இடாப்பிலும் பெயரில்லாத ஒரு பிள்ளையும் அங்கு இருக்கக்கூடும்.

அப்பிள்ளையின் கதையை எழுதுபவனே மெய்யான மாயத்தைச் செய்பவன். மறைந்திருப்பதை வெளிக்கொணர்தலினும் பெரிய வித்தை இலக்கியத்துக்கு வேறில்லை.