பாயிரமும் பொதியும்: ஆர் மொழிப் பொதிகளின் உரைமரபு பற்றிய ஒரு நோக்கு

பாயிரமில்லாத நூல் நூலாகாது என்பது தமிழ் இலக்கண ஆசிரியர் கண்ட முடிபு. பதின்மூன்றாம் நூற்றாண்டினரான பவணந்தி முனிவர் நன்னூலிற் சிறப்புப்பாயிரத்தின் இலக்கணத்தை வகுத்துரைத்தார். நூலின் பெயர், அதனை ஆக்கியோன், அது வந்த வழி, வழங்கும் எல்லை, யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் ஆகிய எட்டையும் பாயிரம் உணர்த்த வேண்டும். இவற்றோடு காலம், களம், காரணம் ஆகிய மூன்றையும் கூட்டிப் பதினொன்றாகக் கொள்வாரும் உளர். ஏட்டுச் சுவடிக்கென எழுந்த இவ்விதி கணினி நிரலுக்கும் பொருந்துமோ என்னும் வினா வியப்பைத் தரலாம். ஆயினும் புள்ளிவிபரவியலாளர் இன்று பெரிதும் கையாளும் ஆர் மொழியின் பொதிகளை நோக்குவார்க்கு, இவ்வினா வெறும் ஒப்புமை விளையாட்டன்று என்பது புலனாகும்.

ஆர் மொழி நியூசிலாந்தின் ஓக்லண்ட் பல்கலைக்கழகத்தில் ரோஸ் இகாக்கா, ரொபேட் ஜென்டில்மன் ஆகிய இருவராலும் 1990களின் தொடக்கத்தில் உருவாக்கப்பட்டது. அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் 1976இல் தோன்றிய எஸ் மொழியே அதன் முதனூல் எனலாம். மொழியின் கரு சிறிது. அதன் வளமெல்லாம் பிறர் இணைத்த பொதிகளால் வந்தது. 1997இல் தொடங்கிய கிரான் என்னும் பொதுக் களஞ்சியத்தில் இன்று இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட பொதிகள் உள்ளன. ஒவ்வொன்றும் தன் முகப்பில் ஓர் அறிமுகக் கோப்பைக் கொண்டிருத்தல் வேண்டும். பொதியின் பெயர், ஆக்கியோர், பேணுவோர், பதிப்பு எண், உரிமம், சார்ந்து நிற்கும் பிற பொதிகள், உள்ளடக்கத்தின் சுருக்கம் ஆகியன அதில் இடம்பெறும். நூற்பெயர், ஆக்கியோன், வழி, நுதலிய பொருள் என்னும் நான்கும் இங்கே உள. எல்லை, கேட்போர், பயன் என்பவற்றைக் கூறுமாறு ஆக்கியோனை எவரும் கட்டாயப்படுத்துவதில்லை.

பொதிக்குள் வெளியார் பயன்பாட்டுக்கென அமைந்த ஒவ்வொரு சார்புக்கும், ஒவ்வொரு தரவுத் தொகுதிக்கும் உதவிப் பக்கத்தில் விளக்கம் எழுதப்பட வேண்டும். களஞ்சியத்தில் ஏறுமுன் பொறியே இவற்றைச் சோதிக்கும். சார்பின் உள்ளீடுகள் யாவும் விளக்கப்பட்டனவா, நிரலும் உரையும் முரண்படுகின்றனவா, உரையிற் காட்டிய உதாரணங்கள் பிழையின்றி ஓடுகின்றனவா என அது வினவும். உரைக்கும் மூலத்துக்கும் முரண் நேராமற் காக்கும் இத்தகைய காவலன் பழைய உரையாசிரியர் எவருக்கும் வாய்த்ததில்லை. ஆனால் அக்காவலனின் பார்வை பெயரளவில் நின்றுவிடுகின்றது. அட்டவணையில் 'மாவட்டம்' என ஒரு நிரலும், உரையில் 'மாவட்டம்' என ஒரு சொல்லும் இருந்துவிட்டால் அது மனநிறைவு கொள்ளும். மாவட்டம் என்பதனால் எது கருதப்பட்டது என்று அது கேட்பதில்லை. அவ்வினாவை எழுப்பி விடையிறுப்பதே உரையாசிரியனின் கடன்.

இக்கடனை நன்கு ஆற்றிய உதாரணம் ஒன்று நம் நாட்டிலேயே உண்டு. பேராதனைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து அமலன் மகேந்திரன், புஷ்பகாந்தி விஜேகோன் ஆகியோர் ஆக்கிய 'பிற் ஓடிபோட்' என்னும் பொதி பற்றிய கட்டுரை 2019இல் திறந்த மூல மென்பொருள் ஆய்விதழொன்றில் வெளியாயிற்று. ஈருறுப்புப் பரம்பல் எதிர்பார்ப்பதிலும் மிகுதியாகச் சிதறிக் கிடக்கும் தரவுகளுக்குப் பொருத்தமான பரம்பல்களைக் கண்டறிய இப்பொதி துணைபுரிகின்றது. அதிலுள்ள தரவுத் தொகுதிகளுள் ஒன்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜேர்மனியின் சாக்சனிப் பகுதியில் வாழ்ந்த 6115 குடும்பங்களைப் பற்றியது. பதின்மூன்று பிள்ளைகள் பெற்ற குடும்பங்களின் முதற் பன்னிரு பிள்ளைகளுள் ஆண்கள் எத்தனை பேர் என்பதே கணக்கு. சராசரி ஏறத்தாழ 6.23. ஈருறுப்புப் பரம்பலின்படி மாறற்றிறன் 3 அளவில் இருத்தல் வேண்டும்; தரவிலோ அது ஏறத்தாழ 3.49 ஆக உள்ளது.

பதின்மூன்றாவது பிள்ளை ஏன் விடப்பட்டது? விரும்பிய பாற்குழந்தை பிறந்ததும் மகப்பேற்றை நிறுத்திக்கொள்ளும் குடும்பங்களால் கணக்குக் கோடாதிருக்கவே அவ்வாறு செய்யப்பட்டது என உதவிப் பக்கம் விளக்குகின்றது. பொறி இவ்விளக்கத்தைக் கேட்கவில்லை. இஃது இல்லாதிருந்தாலும் பொதி சோதனையிற் தேறியிருக்கும். சாக்சனியை ஒருநாளும் காணாத பேராதனை மாணவன் அத்தரவைப் பிழையின்றிக் கையாள வழிவகுப்பது அவ்வொரு வாக்கியமே. எட்டோடு சிலர் கூட்டிய 'காரணம்' என்னும் உறுப்பு இங்கு நிறைவுற்றது.

'எல்லை' என்னும் உறுப்பு எத்துணை இன்றியமையாதது என்பதை அம்பாறைக் கரையோரம் காட்டும். ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தியங்கா தலகல 'டெங்கு டேட்டா ஹப்' என்னும் பொதியை ஆக்கியுள்ளார். சுகாதார அமைச்சின் தொற்றுநோயியற் பிரிவு வாரந்தோறும் வெளியிடும் அறிக்கைகளிற் சிதறிக் கிடந்த டெங்கு எண்ணிக்கைகளை எவரும் எளிதிற் கையாளத்தக்க ஒழுங்கான அட்டவணையாக்கித் தந்தமை பெரும்பணி. ஆயின் அவ்வறிக்கைகளின் இயல்பொன்று கருதற்பாலது. இலங்கையின் மாவட்டங்கள் இருபத்தைந்து. அறிக்கையின் அட்டவணையிலோ இடப்பெயர்கள் இருபத்தாறு. மிகையாக நிற்பது கல்முனை. அது மாவட்டமன்று, அம்பாறை மாவட்டத்தின் கரையோரப் பகுதியை ஆளும் பிராந்திய சுகாதார சேவைகள் பிரிவு.

கோமாரியை எண்ணுக. திருக்கோவிலுக்கும் பொத்துவிலுக்கும் இடையே கடலோரமாக அமைந்த இக்கிராமம் நிருவாகத்தில் அம்பாறை மாவட்டத்தது. பொத்துவிற் பிரதேச செயலகத்துக்கு உட்பட்டது. சுகாதாரக் கணக்கிலோ பொத்துவிலோடு சேர்ந்து கல்முனைப் பிரிவில் அடங்கும். எனவே கோமாரியில் ஒருவருக்கு டெங்கு கண்டால் அவ்வெண்ணிக்கை அம்பாறை என்னும் வரியிற் சேராது. கல்முனை என்னும் வரியிலேயே சேரும். கோமாரிக்கும் கல்முனை நகருக்கும் இடைப்பட்ட தொலைவை அறிந்த எவரும் இதனைத் தாமாக ஊகித்திருக்க மாட்டார்.

இதனால் விளையும் பிழை சிறிதன்று. நோய் வீதம் காண்பதற்கு நோயாளர் தொகையைக் குடித்தொகையால் வகுக்க வேண்டும். குடிசன மதிப்பீட்டுத் திணைக்களம் தரும் குடித்தொகை மாவட்டம் முழுமைக்குமானது. 2012இல் அம்பாறை மாவட்டத்துக்கு அது ஏறத்தாழ 6.5 இலட்சம். அம்பாறை வரியிலுள்ள நோயாளரை மட்டும் அத்தொகையால் வகுப்பவன் கரையோர மக்களைப் பகுதியிற் சேர்த்து, அவர்தம் நோயைத் தொகுதியில் விட்டுவிடுகிறான். மாவட்டத்தின் நோய் வீதம் உண்மையிலும் குறைந்து தோன்றும். கணக்கில் வழுவில்லை; நிரலில் வழுவில்லை; சோதனை எச்சரிக்கை எதுவும் எழுப்பாது. கரையோரத்து மக்களின் காய்ச்சல் மட்டும் காணாமற் போய்விடும்.

மூல அறிக்கையைப் படித்துத் தெளிதல் பயன்படுத்துவோன் பொறுப்பன்றோ எனச் சிலர் வினவக்கூடும். அவ்வாதத்தில் ஓரளவு நியாயமுண்டு. ஆயினும் மூலத்தைத் தேடும் சிரமத்தை நீக்குவதற்காகவே தரவுப் பொதி பிறந்தது. அச்சிரமத்தை நீக்கியவன், மூலத்தைத் தேடுவோன் வழியிற் கண்டிருக்கக்கூடிய குறிப்புகளையும் கூடவே கொண்டுவந்து தருதல் வேண்டும். கனியைப் பறித்துத் தருவோன் அதிலுள்ள விதையையும் சொல்லித் தருதல் முறை. இந்த அறிக்கைகளை மூலமாகக் கொள்ளும் எப்பொதிக்கும் வேண்டுவது நீண்ட உரையன்று. கல்முனை மாவட்டமன்று என்றும், மாவட்டக் குடித்தொகையோடு ஒப்பிடுமுன் அதனை அம்பாறையோடு கூட்டுக என்றும் இரு வாக்கியங்கள் எழுதினால் அமையும். அவற்றை எழுத வல்லார் கரையோரத்தை அறிந்தவரே. பொதிகளின் மூல நிரல்கள் பெரும்பாலும் திறந்த களங்களில் உள. திருத்தம் கூற விரும்புவார்க்கு வாயில் அடைக்கப்படவில்லை.

'கேட்போர்' என்னும் உறுப்பு மொழிப் பிரச்சினையோடு தொடர்புடையது. அறிமுகக் கோப்பில் உரையின் மொழியைக் குறிப்பதற்கு ஓர் இடமுண்டு; ஆங்கிலமல்லாத மொழியில் உரை எழுதுவோர் அதனை நிரப்பலாம். ஆர் மொழிக் கையேடு தமிழுக்குத் தடை விதிக்கவில்லை. தமிழில் உதவிப் பக்கங்கள் எழாமைக்குக் கலைச்சொல்லின்மையைக் காரணமாகக் கூறுதல் பொருந்தாது. அம்பாறைக் கரையோரத்துக் காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலானந்தர் 1936இல் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். அதன் பின் எழுந்த சொற்களைக் கொண்டே இலங்கை மாணவர் பல தலைமுறையாகத் தமிழிற் கணிதம் பயின்று வருகின்றனர். மாறற்றிறன், பரம்பல், நிகழ்தகவு ஆகியன பாடசாலை மாணவனும் அறிந்த சொற்கள். சொற்கள் உள, அவற்றால் உரை எழுதும் வழக்கமே இல்லை.

உரையெழுதுதல் நிரலாக்கத்தின் பிற்சேர்க்கை எனக் கருதுவது இன்று பொதுவான போக்கு. தமிழ் மரபு அவ்வாறு கருதியதில்லை. தொல்காப்பியத்துக்கு இளம்பூரணரும், திருக்குறளுக்குப் பரிமேலழகரும் கண்ட உரைகள் மூலத்துக்கு நிகரான மதிப்பைப் பெற்றன. கலைப்பீட மாணவர் நிரல் எழுதத் தயங்கலாம். ஆனால் ஒரு சொல் எதனைச் சுட்டுகிறது, எவ்வெல்லைக்குள் சுட்டுகிறது, யாரை விட்டுவிடுகிறது என ஆராய்வது அவர் பயின்ற தொழிலே. பொறியின் சோதனை முடிவுறும் இடத்தில் அத்தொழில் தொடங்குகின்றது.